டவர் ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையை அளந்துகொள்ளுங்கள்

ஹோம் தியேட்டர் போடலாம் என்று நினைத்த மாத்திரத்தில் கண்முன்னே வந்து நிற்பது, டிவிக்கு இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்கு நிற்கிற டவர் ஸ்பீக்கர்தான். எனக்கும் அப்படித்தான். வருடக்கணக்கில் ஆசைப்பட்டு, மாதக்கணக்கில் படித்து ஒரு ஜோடி வாங்கினேன். ஒரு வருடம் முடிவதற்குள் அதை வாங்கிய விலையில் பாதிக்குச் சற்று மேலான தொகைக்கு விற்றேன். நடுவில் தேவையே இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபயர், விரல் தடிமனில் ஒரு கேபிள். இதில் போன பணத்தில், தாழ்ந்த ஒலியை (பேஸ்) மட்டும் எழுப்பும் ஒரு நல்ல சப்வூஃபரே வந்திருக்கும். பணம் போனதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய எதுவும் ரகசியம் இல்லை. எல்லாம் ஆங்காங்கே சிதறிக் கிடந்தது. எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் பார்த்தால் போதும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கடைக்காரர் ஸ்பீக்கரைப் பற்றிப் பேசினார், விமர்சனம் எழுதுகிறவர்களும் ஸ்பீக்கரைப் பற்றியே எழுதினார்கள். உன் அறை எவ்வளவு பெரிசு, சோஃபா எங்கே கிடக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கடையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. டெமோ அறை என் ஹாலைவிடப் பெரியது. தரையில் தடிமனான கார்ப்பெட், சுவரெல்லாம் துணி போர்த்திய பேனல்கள், ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றன. போட்டுக் காட்டியது ஒரு சண்டைக் காட்சி. வெடிச்சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது, வாயைப் பிளந்தேன். இரண்டு மாடல்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது, இன்னொன்று சோம்பலாக இருந்தது. துள்ளியதைத்தான் வாங்கினேன். பின்னாளில் இரண்டின் விவரத் தாளையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது: துள்ளியதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற எண், 91 டெசிபல், சோம்பலானது 87. வால்யூம் ஒரே இடத்தில் இருந்தால் முதலாவது 4 டெசிபல் கூடுதல் சத்தத்தில் பாடும். சத்தம் லேசாகக் கூடினாலே காது அதைத் தெளிவு, துடிப்பு, ஆழம் என்றெல்லாம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். போனில் உள்ள டெசிபல் செயலி துல்லியமாக இருக்காது, ஆனால் ஒன்றுக்கொன்று சமன் செய்ய அது போதும்.

கண்ணும் காதை ஏமாற்றும். 1994-ல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஓலிவும் ஒரே ஸ்பீக்கர்களைத் திரை போட்டு மறைத்தும், மறைக்காமலும் கேட்கவைத்துச் சோதித்தார்கள். ஸ்பீக்கர் கண்ணில் படும்போது அதன் அளவும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றிவிட்டன, காதில் விழுந்தது அதே ஒலிதான் என்றாலும். கடையில் திரை போடச் சொல்ல முடியாது; கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். இன்னொன்று, வெடிச்சத்தத்தை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். வெடிச்சத்தம் எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஒரு பாட்டு, இசையே இல்லாமல் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசுகிற ஒரு காட்சி, செய்தி வாசிப்பது போன்ற ஒரு ஆண்குரல், இந்த மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். குரல் மார்பிலிருந்து வருவதுபோல் இருக்கிறதா, குழாய்க்குள்ளிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தரும் வசதி உண்டா என்றும் கேளுங்கள். அது இருக்கும் இடத்தில் கொஞ்சம் விலை கூடினாலும் இன்றைக்கு நான் அங்கேதான் வாங்குவேன்.

வீட்டுக்கு வந்த பெட்டி ஒவ்வொன்றும் முப்பது கிலோவைத் தொட்டது. தனியாளாகத் தூக்காதீர்கள். பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கத்தைத் திறந்து, அடித்தட்டையும் கூர்முனைகளையும் அங்கேயே திருகிவிட்டு, அப்படியே நிமிர்த்தி அட்டையை மேலே உருவினால் முதுகும் பிழைக்கும், உச்ச ஒலிகளை எழுப்பும் ட்வீட்டரில் விரலும் படாது. டிவி மேசைக்கு இரு பக்கமும் இருந்த இடத்தில் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்தினேன். வேறு இடமே இல்லை. அன்று இரவே படம் போட்டோம். முதல் பத்து நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தால், லாரி போனாலும் கும், கதவைச் சாத்தினாலும் கும், பின்னணி இசையில் வரும் பேஸ் கிட்டாரும் ஒரே சுருதியில் கும். ஷோகேஸ் கண்ணாடி தனியாக ஒரு தாளம் போட்டது. அதற்கு நடுவில் யாராவது பேசினால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "என்னங்க, இப்ப அவன் என்ன சொன்னான்?" என்று மனைவி கேட்க, எனக்கும் தெரியவில்லை. பேச்சு வரும்போது சத்தத்தை ஏற்றி, சண்டை வரும்போது இறக்கி, படம் முழுக்க ரிமோட்டும் கையுமாகவே ஓடியது. இவ்வளவு பணத்தைப் போட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரைவிட மோசமாகக் கேட்கிறோமே என்று நினைத்தபோது தூக்கமே வரவில்லை.

இதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஸ்பீக்கர் பழகப் பழகச் சரியாகிவிடும், பொறுங்கள் என்றார் விற்றவர். பொறுத்தேன், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்ததுதான் மிச்சம். புது ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பு (கோன்) கொஞ்சம் தளர்வது உண்மை, ஆனால் அறையைக் குலுக்குகிற ஒரு கும் சத்தம் அதனால் போகாது; பெரும்பாலும் பழகுவது நம் காதுதான். அடுத்து, கேபிள் மாற்றினால் பேஸ் இறுகும் என்றார்கள். மாற்றினேன். ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை. அடுத்தது ஆம்ப். உங்கள் ரிசீவருக்கு (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் மையப்பெட்டி) இந்த டவரை ஓட்டத் தெம்பில்லை, தனி பவர் ஆம்ப் போடுங்கள் என்றார்கள். அதையும் வாங்கினேன். கும் அப்படியே இருந்தது, இன்னும் கொஞ்சம் உறுதியாக.

அந்த ஆம்ப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் வாட்ஸ் என்ற எண்ணை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ரிசீவர் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழியை), 6 ஓம் மின்தடையில், 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதம் வரை சிதைவை அனுமதித்து அளந்ததாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது இரண்டு சேனல் ஓடும்போது, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று சிறிய எழுத்தில் இருக்கும் எண். ஐந்து சேனலும் ஒன்றாக ஓடும்போது அதுவும் குறையும். பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்ச வாட்ஸ்) என்று எங்காவது பார்த்தால் படிக்காமலே தாண்டிவிடுங்கள். ஸ்பீக்கர் பக்கமும் இதே கதைதான். சென்சிடிவிட்டியை 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் தாளில் 90 என்று இருந்தால் ஒரு வாட்டுக்கு அது 87தான். 8 ஓம் என்று அச்சடித்த டவர்களும் சில அதிர்வெண்களில் 3, 4 ஓமுக்கு இறங்கும். குறைந்தபட்ச இம்பீடன்ஸ் (இந்த ஓம் எண்தான்) எவ்வளவு என்று தாளில் தேடுங்கள். அது 3-க்குப் பக்கத்தில் இருந்து, உங்கள் அறையும் பெரிதாக இருந்து, சத்தமாகக் கேட்கிற பழக்கமும் இருந்தால்தான் தனி ஆம்ப் பற்றி யோசிக்க வேண்டும். எனக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

கடைசியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் வந்தான். ஸ்பீக்கரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சோஃபாவை எங்கடா வச்சிருக்க?" என்பதுதான் முதல் கேள்வி. சோஃபா பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது, எல்லா வீட்டிலும் கிடப்பதுபோல. அளவு நாடாவை எடுத்து அறையின் நீளத்தை அளந்தான்: 4.3 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர், அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 40 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த அதிர்வெண்ணில் அரை அலை அறைக்குள் அச்சாகப் பொருந்தி, இரண்டு சுவருக்கும் நடுவில் அடைபட்டு நிற்கும். சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். என் டவர்கள் ஒரு சுவரை ஒட்டி நின்று அந்த அலையை முழுத் தெம்போடு கிளப்பின, நான் எதிர்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்து முழு உச்சத்தையும் வாங்கிக்கொண்டிருந்தேன். 40 ஹெர்ட்ஸில் ஒற்றை ஒலியை (டோன்) ஓடவிட்டு நடந்து பார்க்கச் சொன்னான். சோஃபாவில் காது அடைப்பதுபோல் இருந்தது. எழுந்து இரண்டு மூன்று அடி முன்னால் வந்ததும் தணிந்தது. அறையின் நடுவில் நின்றபோது ஸ்பீக்கர் அணைந்துவிட்டதோ என்றே சந்தேகம். பேஸ் எழுப்பும் வூஃபர் கோன்கள் துடித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காதில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்து டிவி பக்கம் போனதும் மறுபடி கும். இத்தனை மாதம் நான் திட்டியதெல்லாம் ஸ்பீக்கரை. கேட்டதோ அறையை.

இதை நீங்களே செய்து பார்க்கலாம், செலவில்லை. டோன் எழுப்பும் செயலி போதும். கொஞ்சம் ஆர்வம் இருந்தால் யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்றும் ரூம் இக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் அறையின் முழு ஜாதகமும் வரைபடமாக வந்துவிடும். யூமிக்-1 போன்ற ஒரு மைக்கின் விலை, நான் வீணாக வாங்கிய ஆம்பின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அன்றைக்கே சோஃபாவை இழுத்து, பின்சுவரிலிருந்து தலை ஒரு மீட்டராவது தள்ளி இருக்கும்படி போட்டோம். டவர்களைச் சுவரிலிருந்து வெளியே நகர்த்தினோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்பீக்கரின் முன்முகத்துக்கும் அதன் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவருக்கும் உள்ள தூரத்தால் 343-ஐ வகுத்து, அதை நான்கால் வகுத்தால் வரும் அதிர்வெண்ணில், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலியை வெட்டும், அங்கே ஒலியில் ஒரு பள்ளம் விழும். அரை மீட்டர் என்றால் சுமார் 170 ஹெர்ட்ஸ், குரலின் சதைப்பற்று இருக்கிற பகுதி. ஒரு மீட்டர் என்றால் 86. ஆக, நகர்த்தினால் பள்ளம் போய்விடாது, வேறு இடத்துக்கு மாறும். குரலைத் தொந்தரவு செய்யாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் துளையுள்ள டவர்களுக்குக் குறைந்தது ஒரு சாண் இடைவெளி அவசியம். இடமே இல்லை என்றால் அந்தத் துளையில் பஞ்சு அடைப்பான் வைத்தால் கும் குறையும். கம்பெனியே கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் சுருட்டிய காலுறையும் அதே வேலையைச் செய்யும்.

இவ்வளவும் செய்த பிறகு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி தீரவில்லை, ஏனென்றால் 8 அங்குல வூஃபர் இரண்டிரண்டு வைத்த அந்த டவர் அந்த அறைக்கு அதிகம். டவரில் பேஸை மட்டும் தனியாக நகர்த்த முடியாது. ஒலி இடவலமாக விரிவதற்கும் குரலுக்கும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் டவர் நின்றாக வேண்டும்; பேஸுக்கு நல்ல இடம் அறையின் வேறு எந்த மூலையிலோ இருக்கும். சப்வூஃபர் தனியாக இருந்தால் அதை மட்டும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். ரிசீவரில் பேஸைப் பிரித்து அனுப்பும் க்ராஸ்ஓவரை, திரையரங்க ஒலித்தரம் வகுக்கும் டிஎச்எக்ஸ் பரிந்துரைக்கும் 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்புக்குப் போய்விடும். அப்படியானால் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிற டவருக்குக் கொடுத்த கூடுதல் காசு எதற்கு என்று யோசித்தேன். அதுவும் அந்த 35 என்ற எண், சத்தம் 3 டெசிபல் குறைந்த இடத்தில் அளந்ததா, 10 டெசிபல் குறைந்த இடத்திலா என்று தாளில் இல்லவே இல்லை. சத்தம் பாதியாகத் தேய்ந்த பிறகு உள்ள எண்ணையும் எண் என்றுதான் அச்சடிப்பார்கள்.

எனவே அவற்றை விற்றுவிட்டு, 6.5 அங்குல வூஃபர் கொண்ட ஒல்லியான டவர் ஜோடியும், நடுவில் வைக்கும் அதே சீரிஸ் சென்டர் ஸ்பீக்கரும், தனி சப்வூஃபரும் என்று மாறினேன். டவரே வேண்டாம், ஸ்டாண்டில் வைத்த புக்ஷெல்ஃப் என்ற சின்ன ஸ்பீக்கர் போதும் என்று நண்பன் சொன்னான். சின்ன அறைக்கு அது சரியான பேச்சு. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் நல்ல ஸ்டாண்டின் விலையையும் சேர்த்தால் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, தரையில் பிடிக்கும் இடமும் ஒன்றுதான், குழந்தைகள் இடித்தால் ஸ்டாண்ட்தான் முதலில் விழும். சப்பை அணைத்துவிட்டு வெறும் பாட்டு கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் டவர். உங்கள் காரணம் அழகுக்காக மட்டும் என்றாலும் தப்பில்லை, அந்த அழகுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

டவரைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம், படத்தில் உங்களுக்கு வேண்டிய வசனமெல்லாம் ஏறக்குறைய முழுக்க சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. முதல் தடவை டவருக்கே பணம் தீர்ந்துபோய், பழைய செட்டில் இருந்த கையடக்க சென்டரையே ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் 3 அங்குல கோன், பக்கத்தில் நிற்கும் இரண்டு மலைகளுக்கு நடுவில் என்ன பேசும்? கார் ஒன்று திரையில் இடமிருந்து வலம் போனால், நடுவில் வரும்போது வேறு வண்டியாக மாறிப் போனது. சென்டரும் டவர்களும் ஒரே சீரிஸாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். காசு போதவில்லை என்றால் டவரில் ஒரு படி கீழே இறங்கி, சென்டரில் ஒரு படி மேலே போங்கள். பொருத்தும்போது, மேசைத் தட்டுக்குள் ஆழத்தில் தள்ளாமல் முன்முகம் தட்டின் விளிம்புக்கு வரும்படி இழுத்து வையுங்கள். கீழ்த்தட்டில் இருந்தால் முன்பக்கம் ரப்பர் துண்டு கொடுத்து முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். நடுவில் ட்வீட்டர், இரு பக்கமும் வூஃபர் என்று படுத்திருக்கும் சென்டர்களில், ஓரத்தில் உட்காருபவருக்குக் குரல் மங்கும். சோஃபாவில் நாலு பேர் உட்காரும் வீடு என்றால் ட்வீட்டரும் நடுத்தர ஒலிக்கான மிட்ரேஞ்சும் மேலும் கீழுமாக அமைந்த மூன்று-வழி சென்டரைத் தேடுங்கள்.

டவர்களை நிறுத்தும் கோணத்துக்கு டால்பி சொல்வது, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரி. கோணமானி தேவையில்லை. காதிலிருந்து ஸ்பீக்கர் 3 மீட்டர் என்றால், இரண்டு டவர்களுக்கும் நடுவில் 2.25 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடைப்பட்ட தூரம் இருந்தால் சரியாகிவிடும். ஒரு நூலைச் சோஃபாவில் தலை வரும் இடத்தில் பிடித்து, இரண்டு ட்வீட்டர்களுக்கும் நீட்டி ஒரே நீளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காதுயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டருக்குள் வருகிறதா என்பதை வாங்கும் முன்பே தாளில் பாருங்கள். தாழ்வான சோஃபாவும் உயரமான டவரும் சேர்ந்தால் உச்சஸ்தாயி தலைக்கு மேலே போய்விடும். முகத்தை உள்பக்கம் திருப்புவது காதின் விருப்பம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பாடகர் குரல் நடுவில் ஒரு புள்ளியாக நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். டைல்ஸ் தரையில் கூர்முனைகளை நேராக வைக்காதீர்கள், தரை கீறும். அடியில் உலோக வட்டு வைக்கலாம், அல்லது ரப்பர் பாதம். குழந்தைகள் உள்ள வீட்டில் டவரைப் பின்னால் ஒரு பட்டையால் சுவரோடு இணைத்துவிடுவது நல்லது.

வயர் விஷயம் சுருக்கமானது. ஐந்தாறு மீட்டர் ஓட்டத்துக்கு 16 கேஜ் செம்புக் கம்பி போதும், அதைவிட நீளம் என்றாலோ 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலோ 14 கேஜ். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். மலிவாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நுனியை உரித்தபின் இழைகளை இறுக முறுக்கிவிடுங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்பு நிலைக்குப் போய் அணைந்துவிடும். எனக்கு அப்படி அணைந்தபோது புது ரிசீவர் போய்விட்டது என்று கைகால் ஓடவில்லை, கடைசியில் பார்த்தால் தலைமுடி அளவு ஒரு செம்பு இழை. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் எதுவும் பழுதாகாது, ஆனால் பேஸ் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக்கிடக்கும். ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது, அறையை அளந்து ஒலியைத் தானாகச் சரிசெய்ய ரிசீவரோடு வரும் மைக். ஆடிஸி, டிராக், ஒய்பிஏஓ என்று பெயர் எதுவானாலும் செய்முறை ஒன்றுதான். மைக்கை சோஃபாவின் சாய்மானத்தில் வைக்காதீர்கள், கேமரா முக்காலியில் காதுயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி எல்லாம் அணைத்து, வீட்டில் யாரும் பேசாமல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏழாவது இடத்தை அளக்கும்போது குக்கர் விசில் அடித்தது, முதலிலிருந்து ஆரம்பித்தோம். முடிந்ததும் தானியங்கி முடிவை அப்படியே நம்பிவிடாமல் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். டவரைக் கண்டால் பல ரிசீவர்கள் 'லார்ஜ்' என்று குறித்துவிடும். அதை 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். உங்கள் டவரை யாரும் சின்னது என்று சொல்லவில்லை, பேஸை சப்புக்கு அனுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். சப்புக்கு 'எல்எஃப்இ பிளஸ் மெயின்' என்றிருந்தால் ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வரும், அதை அணையுங்கள். சப்பின் பின்னால் இருக்கும் க்ராஸ்ஓவர் குமிழை முழுக்க மேலே திருப்பிவிடுங்கள், வடிகட்டும் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். சப்பின் தூரம் நாடாவில் அளந்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால் பதறாதீர்கள், சப்புக்குள் உள்ள சுற்றுகளின் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

இரவில் சத்தம் குறைத்துப் பார்த்தால் பேஸே இல்லாதது போலிருக்கும். இது கருவியின் குறை இல்லை. சத்தம் குறையும்போது மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை அதிகமாக இழக்கிறது என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து வெளியிட்டுவிட்டார்கள். இதற்கென்றே ரிசீவரில் டைனமிக் இக்யூ மாதிரி ஒரு வசதி இருக்கும், இரவில் போட்டுக்கொள்ளலாம்.

சுவருக்கும் தரைக்கும் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஒருவரைப் பக்கச்சுவரில் கண்ணாடியை நகர்த்தச் சொல்லி, நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பும்; அங்கே தடித்த திரையோ புத்தக அலமாரியோ வந்தால் போதும். முன்னால் தரையில் ஒரு தடித்த விரிப்பு. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் பேஸ் அடங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல், அதற்கு முட்டை அட்டை இருப்பதே தெரியாது.

பழைய டவர்களை விற்கும்போது, வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி பெட்டி இருக்கிறதா என்பதுதான். பெட்டியும் தெர்மோகோலும் கட்டிலுக்கு அடியில் இருந்ததால்தான் பாதிக்கு மேலாவது கிடைத்தது. இல்லாமல் அந்த எடையை வெளியூர் அனுப்பவே முடியாது. வாங்க வந்த ஒருவர் செய்த சோதனைகளைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன், பழைய டவர் வாங்குகிறவர்களுக்கு உதவும். வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சா ரப்பரா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பஞ்சு என்றால் வருடங்கள் ஆக ஆகப் பொடியாக உதிரும். கோனை நான்கு விரலால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விட்டார். உரசும் சத்தம் வந்தால் கோனுக்குப் பின்னாலுள்ள கம்பிச்சுருள் தேய்கிறது என்று அர்த்தம். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு கணம் தொட்டு, எல்லா வூஃபரும் ஒரே திசையில், வெளியே, நகர்கிறதா என்று பார்த்தார். கடைசியாக ஒவ்வொரு ட்வீட்டரிலும் காதை வைத்துத் தணிந்த சத்தத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டார். எல்லாம் முடிந்து பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவருடைய அறையின் நீளம் எவ்வளவு என்று கேட்டேன். ஏழு மீட்டருக்கு மேல் என்றார். அங்கே அந்த டவர்கள் நன்றாகவே பாடும்.